அபராதம்

பாந்தா நகரப் பொது நூலகத்தில்
அந்தப் புத்தகத்தின் வரவு எண் 7314.
ஊரடங்கில் நடந்தே வீடு திரும்பியவர்களைப் பற்றியது.
அட்டையில் நெடுஞ்சாலை. ஆள் யாரும் இல்லை.
ஓராண்டில் பதினொரு பேர் எடுத்துப் போனார்கள்,
எங்கள் ஊருக்கு அது அதிகம்.

திருப்பித் தருகிறவர்களிடம் பதிவேட்டை நீட்டுவேன்,
இரண்டு வரி எழுதுங்கள் என்று.
பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன்,
அதுவும் ஊர் போய்ச் சேர்ந்துவிடக் கூடாதென்று.

ஓய்வுபெற்ற தாசில்தார் சதுர்வேதி எழுதினார்:
'மிகை. முகாமில் பூரி கொடுத்தோம்.
உருளைக்கிழங்கும் இருந்தது.
அதற்கு ஒரு பத்திகூட இல்லை.'

கல்லூரியில் இலக்கியம் நடத்தும் நிகார் பாத்திமா:
'உருக்கம்தான். ஆனால் வெயில் என்ற சொல்
முதல் நாற்பது பக்கத்தில் அறுபது முறை.
நல்ல எழுத்தாளர் ஒருமுறை சொல்லி
நம்மை வியர்க்க வைத்திருப்பார்.'
நானும் எண்ணிப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பையன்
எண்களுக்குக் கீழே மட்டும் கோடு போட்டிருந்தான்.
எத்தனை லட்சம், எத்தனை ரயில், எத்தனை நாள்.
அவன் கருத்து: 'பயனுள்ளது.'

மருந்துக்கடை கேசர்வானியின் மனைவி
பேனாவைத் தொடவில்லை.
'எங்கள் வாசலில் வந்து தண்ணீர் கேட்டார்கள்.
நாங்கள் கதவைத் திறக்கவில்லை.
அது எத்தனையாவது பக்கம்?'
அப்படியொரு பக்கம் இல்லை என்றேன்.
நன்றாகப் பார்க்கச் சொன்னாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை
கல்லு அஹிர்வார் வந்தார், மகளோடு.
டைல்ஸ் பதிக்கிறவர். முழங்கால் இரண்டும் காய்த்திருந்தது.
உறுப்பினர் அட்டை மகளுடையது: ரஜனி, ஒன்பதாம் வகுப்பு.
பத்து இரவு அவள் வாசிக்க,
விளக்கணைக்காமல் கேட்டிருக்கிறார்.

'நல்லாத்தான் எழுதியிருக்கு' என்றார்.
'எனக்கு ஞாபகம் இருக்கிறதைவிட நல்லாவே.'
கொஞ்சம் யோசித்து,
'லாரிக்காரன் காசு பிடுங்கினான்னு போட்டிருக்கு.
எங்ககிட்ட வாங்கல. டீ வாங்கிக் கொடுத்தான்.
திட்டிக்கிட்டேதான் கொடுத்தான்.'

பிறகு மகளைப் பார்த்து, 'அதைக் காட்டு.'

பக்கம் நூற்றுப் பன்னிரண்டு. அவள் வாசித்தாள்:
'பாலத்தடியில் அடையாளம் தெரியாத ஒருவர்
கையில் பிஸ்கட் பொட்டலத்தோடு இறந்து கிடந்தார்.'

'தெரியாதுன்னு யார் சொன்னா?'
குரல் உயரவில்லை.
'தேவிதீன். பன்வாரிக்காரன்.
பிவண்டியிலிருந்து பதினாறு நாள் கூட நடந்தான்.
அந்த பிஸ்கட் எங்க ஏழு பேருக்கும்.
பங்கு வைக்க அவன்கிட்டதான் கொடுப்போம்,
ஒடிஞ்ச துண்டையும் கணக்கில் சேர்ப்பான்.'

எழுதலாமா என்று கேட்டார்.
புத்தகத்தில் கூடாது, பதிவேட்டில் எழுதலாம் என்றேன்.
'பதிவேட்டை யார் வாசிப்பா?'

இருபத்தோரு வருட வேலையில்
என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை.

'புத்தகத்திலேயே எழுதினா எவ்வளவு?'
விதிகள் சுவரில் இருக்கின்றன, மூன்றாவது வரி.
ஐந்து ரூபாய்.
நாணயத்தை மேசையில் வைத்தார்.

பேனாவின் நூல் எட்டவில்லை.
புத்தகத்தைத்தான் பேனாவிடம் கொண்டுவர வேண்டியிருந்தது.
ரஜனி மூன்று சொற்களை அடித்துவிட்டு
மேலே பெயரை எழுதினாள்.
அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.
'சின்னதா இருக்கே' என்றார்.
அதற்கு மேல் இடமில்லை, அப்பா.

ரசீது கிழித்துக் கொடுத்தேன்:
'நூலைச் சேதப்படுத்தியமைக்கு.'
நாலாக மடித்து, பீடிக்கட்டு நனையாமல் வைக்கும்
பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொண்டார்.

சதுர்வேதி இரண்டாம் முறை எடுத்துப் போய் எழுதினார்:
'பக்கம் 112 பாழாகியுள்ளது. வேறு பிரதி தருவிக்கவும்.'
நிதி இல்லை என்று கீழே குறித்தேன்.
நிதி இருந்தது.

இப்போது புத்தகம் கேசர்வானி வீட்டில்.
மூன்றாவது முறையாக எடுத்திருக்கிறாள்.
தவணை தாண்டி ஒன்பது நாள்,
அபராதம் ஏறிக்கொண்டிருக்கிறது.
நான் ஆள் அனுப்பவில்லை.